எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் கதை வருகின்றது, கவிதை வருகின்றது, ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கமும் வருகின்றது. அறிவியல் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் மட்டும் ஏனோ வாய் திறப்பதில்லை. 'எங்கள் பொருள் பொதுமக்களுக்குப் புரியாது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். இவ்வாண்டு அவ்வாறு தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த ஒரு செயல். கெட்டுப்போனது ஒரு கணிப்பொறி; பழி சுமந்தவன் நம் சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே இதனை அறிவியல் கட்டுரையாகவும் கொள்ளலாம். ஒப்புதல் வாக்குமூலமாகவும் கொள்ளலாம்.

நடந்தது இது. எங்கள் துறையில் கதிரியக்க அளவைக் கருவியோடு இணைந்த கணிப்பொறி ஒன்று உண்டு. அதில் இயங்குவது லினக்ஸ். ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்டவேண்டும் என்று காவலர் அவசரப்படுத்தவே, தம்பி தன் அளவையை நடுவிலேயே நிறுத்திவிட்டுக் கிளம்பினான். கதவருகே சென்று திரும்பிப் பார்த்தால் திரை முழுவதும் எழுத்துகள். பொறி அசையவில்லை. அவன் பதறிப்போய்க் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான். மேல்வரிகள் உருண்டு மறைந்துவிட்டன. கீழ்வரிகள் கைநடுக்கத்தில் மங்கிவிட்டன. நடுவில் தெளிவாக நின்றது ஒரே பெயர்: 'கேவொர்க்கர் 2:1'. மூவர் மூன்று வாரம் சேர்த்த அளவைகளில், வட்டில் எழுதப்படாத பகுதி போயிற்று.

மறுநாள் காலை துறையில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. "கடைசியாகத் தொட்டவன் அவன்தானே?" என்றார் ஒருவர். "உங்கள் ஊர்ப் பையனுக்குச் சற்று நிதானம் சொல்லிக்கொடுங்கள்" என்றார் மற்றொருவர், என்னைப் பார்த்து. தம்பியின் நுழைவு அட்டை வாங்கிவைக்கப்பட்டது. அவன் என்னிடம் வந்து, "அண்ணே, நான் நிறுத்து என்ற பொத்தானைத்தானே அழுத்தினேன்? நிறுத்துவதற்குத்தானே அது இருக்கிறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று எங்கள் துறையில் ஒருவரிடமும் விடை இல்லை. என்னிடமும் இல்லை.

யார் இந்தக் கேவொர்க்கர்?

கணிப்பொறியின் எல்லா வேலைகளையும் ஆளும் கருப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். சில வேலைகளை அது உடனே செய்யவேண்டும். சிலவற்றைச் சற்றுப் பொறுத்துச் செய்தால் போதும். பொறுத்துச் செய்யும் வேலைகளுக்கென்று பணியிழைகள் சிலவற்றை அது வளர்த்து வைத்திருக்கிறது. அவையே கேவொர்க்கர்கள்.

நம் விடுதிச் சமையற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். பரிமாறுபவர் ஒரு சீட்டு எழுதிக் கம்பியில் குத்திவிட்டுப் போய்விடுகிறார். கை ஒழிந்த சமையற்காரர் எவரோ, அவர் அடுத்த சீட்டை எடுத்து வேலையை முடிக்கிறார். சீட்டில் 'இன்னது செய்க' என்று இருக்கும். 'எழுதியவர் இன்னார்' என்று இராது. கெர்னலிலும் இதே ஏற்பாடுதான். முற்காலத்தில் ஒவ்வொரு துணைப்பகுதியும் தனக்கெனத் தனித்தனிப் பணியாட்களை வைத்துக்கொண்டது. பெரிய பொறிகளில் வேலையில்லாத ஆட்கள் பெருகினர். 2010-ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.36-இல், தேஜுன் ஹியோ என்பவர் இதனைத் திருத்தி, எல்லோருக்கும் பொதுவான பணியாளர் குழுக்களை அமைத்தார். '2:1' என்பதன் பொருள், இரண்டாம் எண் செயலியைச் சேர்ந்த, 1 என்னும் எண்ணுடைய பணியாள் என்பதே. அவன் ஒரு கணம் வட்டின் வேலையைச் செய்வான். மறுகணம் வலையின் வேலையைச் செய்வான். அதற்கும் அடுத்த கணம் எங்கள் அளவைக் கருவியின் வேலையைச் செய்வான்.

இப்போது அவன் ஒரு சீட்டை எடுத்து வேலை செய்யும்போது இடறி விழுந்துவிட்டான் என்று கொள்க. அவன் எவ்வழியே அந்த இடத்துக்கு வந்தான் என்னும் அழைப்பு வரிசையைக் கெர்னல் அச்சிடும். அதில் என்ன இருக்கும்? இழை பிறந்தது, பணியாளாக நின்றது, ஒரு சீட்டை எடுத்தது, இந்தச் செயலைத் தொடங்கியது, விழுந்தது. இவ்வளவே. சீட்டை எழுதியவன் எப்போதோ கிளம்பிப் போயிருப்பான். அவன் பெயர் அந்த வரிசையில் இடம்பெற வழியே இல்லை.

எங்கள் துறையில் அன்று நடந்ததும் இதுவே. படத்தில் இருந்த பெயர் கேவொர்க்கர்; அறையில் இருந்தவன் தம்பி. பொறிக்குள் ஒரு பணியாளனும் பொறிக்கு வெளியே ஒரு பையனும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவர்கள்மேல் பழி விழுந்தது.

சான்று ஏன் இல்லை?

இத்தகைய வேளையில் உதவுவதற்கென்றே ஒரு முறை உண்டு. விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்தது முழுவதையும் படியெடுத்து வட்டில் வைத்துக்கொள்வதே அது. கிராஷ் டம்ப் என்று சொல்வர். கணிப்பொறி நினைவகம் காந்த வளையங்களால் ஆகியிருந்த காலத்தில் பிறந்த 'கோர் டம்ப்' என்னும் சொல்லின் வழிவந்தது இது.

விழுந்த கெர்னலே தன் படியைத் தானே எழுதுவது நம்பத்தக்கதன்று. மூளை கலங்கியவனிடம் உயில் எழுதச் சொல்வது போன்றது அது. ஆகவே 2005-இல் லினக்ஸ் 2.6.13-இல் கேடம்ப் என்னும் ஏற்பாடு வந்தது. பொறி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை உறங்க வைத்துவிடுகிறார்கள். முதற் கெர்னல் வீழ்ந்தவுடன் இரண்டாவது விழித்தெழுந்து, இறந்ததன் நினைவகத்தைப் படித்து வட்டில் எழுதுகிறது. என்ன அழகான சிந்தனை!

அப்படியானால் எங்கள் பொறியில் ஏன் படி கிடைக்கவில்லை? இங்கேதான் என் வாக்குமூலம் வருகின்றது. எங்கள் பொறியின் நினைவகம் 16 ஜிகாபைட். அதில் 256 மெகாபைட் கேடம்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் என் கணக்கு ஒன்று இடம் போதாமல் நின்றது. 'ஒருநாளும் பயன்படாத இந்த 256 எதற்கு?' என்று எண்ணி, அந்த ஒதுக்கீட்டை நீக்கியவன் நானே. ஒருவரிடமும் சொல்லவில்லை. என் கணக்கு அதன் பின்னும் முடியவில்லை என்பது வேறு செய்தி.

தம்பியின்மேல் பழி விழுந்தபோது இதனை நான் அறிந்திருந்தேன். ஆயினும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். 'ஒதுக்கீட்டை நீக்கியதால் பொறி விழவில்லையே. சான்றுதானே போயிற்று' என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். சான்று போனதால்தான் ஒரு பையன் குற்றவாளி ஆனான் என்பதை மூன்றாம் நாள்தான் ஒப்புக்கொண்டேன். பேராசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சொல்லிவிட்டாய் அல்லவா? இனி நீயே கண்டுபிடி" என்றார். கடிந்துகொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்று முறை தோற்றது

ஒதுக்கீட்டைத் திரும்ப வைத்தேன். வேண்டுமென்றே பொறியை வீழ்த்திச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. அதை இட்டேன். இரண்டாவது கெர்னல் எழுந்தது. எழுந்தவுடன் நினைவகம் போதாமல் அதுவும் மாய்ந்தது. ஒதுக்கீட்டை 512 மெகாபைட் ஆக்கினேன். மீண்டும் சோதித்தேன். படி அழகாக வட்டில் வந்து அமர்ந்தது. வெற்றி என்று எண்ணினேன்.

ஒரு வாரம் சென்றது. பொறி மறுபடியும் நின்றது. ஓடிச் சென்று பார்த்தால் படி இல்லை! அன்று இரவு முழுவதும் உறங்கவில்லை. காரணம் பின்னர் விளங்கியது. பணியிழை ஒன்று தவறு செய்து விழுந்தால், அதனைக் கெர்னலின் மரணம் என்று லினக்ஸ் எப்போதும் கொள்வதில்லை. அதன் இயல்பான அமைப்பில், அந்த இழையை மட்டும் கொன்றுவிட்டு, பொறி தொடர்ந்து நடக்க முயலும். இறந்த இழை கையில் பூட்டு ஏதேனும் வைத்திருந்தால், அதற்காகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக உறைந்து போவார்கள். பார்ப்பவருக்குப் பொறி செத்துவிட்டது. கெர்னலின் கணக்கிலோ அது இன்னும் சாகவில்லை. ஆகவே இரண்டாவது கெர்னலை ஒருவரும் எழுப்பவில்லை.

நான் இட்ட சோதனைக் கட்டளை கெர்னலையே நேராக வீழ்த்துவது. அதனால் அது தேறிற்று. உண்மையான விபத்தோ பணியிழையில் நிகழ்வது. சோதனை தேறினால் போதும் என்று எண்ணுவோர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்: எந்த விபத்துக்கு அஞ்சுகிறோமோ, அந்த விபத்தையே போலச் சோதிக்கவேண்டும். 'சிறு தவறு நேர்ந்தாலும் முழு வீழ்ச்சியாகக் கொள்க' என்னும் அமைப்பு ஒன்று உண்டு. 'பேனிக் ஆன் ஊப்ஸ்' என்பது அதன் பெயர். அதனை 1 என்று வைத்தேன்.

மூன்றாம் முறை படி கிடைத்தது. ஆனால் படிக்க முடியவில்லை! படியை ஆராய, அதே கெர்னலின் குறிப்புகள் அடங்கிய கோப்பு வேண்டும். பதிப்பு எண் ஓரிலக்கம் மாறினாலும் பயனில்லை. இடையில் கெர்னல் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நான் வைத்திருந்ததோ பழைய பதிப்பின் கோப்பு. சரியானதைத் தேடி எடுக்க மேலும் ஒரு நாள் ஆயிற்று. பூட்டு ஒன்று, சாவி வேறொன்று என்றால் கதவு திறக்குமா?

படி சொன்ன உண்மை

இடைப்பட்ட நாள்களில் இரண்டு ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தேன். ஒன்று, திருப்பித் தரப்பட்ட நினைவகத் துண்டுகளில் 107 என்னும் எண்ணை நிரப்பி வைக்குமாறு கெர்னலைப் பணித்தது. இரண்டு, யார் எப்போது சீட்டுக் குத்துகிறார்கள் என்பதைக் குறித்து வைக்கும் தடப்பதிவைத் திறந்து வைத்தது. அத்தடப்பதிவும் நினைவகத்திலேயே இருப்பதால் படியோடு சேர்ந்து வரும்.

படியைத் திறந்தேன். விழுந்த பணியாளனின் கையில் இருந்த முகவரி முழுவதும் 107, 107, 107 என்றே நிறைந்திருந்தது. அதாவது, அவன் போன வீடு ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டது. தடப்பதிவைப் பார்த்தேன். சீட்டைக் குத்தியது அளவைக் கருவியின் இயக்கி நிரல். அதே நிரல்தான், அளவை நிறுத்தப்பட்டவுடன், அச்சீட்டு இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே, அது குறித்த நினைவகத்தைத் திருப்பித் தந்துவிட்டது. பணியாளன் சற்றுப் பிந்தி வந்து சீட்டை எடுத்தான், இல்லாத வீட்டுக்குள் காலை வைத்தான், விழுந்தான்.

பணியாளன்மேல் குற்றமில்லை, நிறுத்து என்னும் பொத்தானை அழுத்திய தம்பியின்மேலும் குற்றமில்லை. அளவை தானே முடியும்வரை விட்டால் எல்லாச் சீட்டுகளும் தீர்ந்திருக்கும். நடுவில் நிறுத்தினால்தான் ஒன்று தொங்கும். நாங்கள் எவரும் நடுவில் நிறுத்தியதில்லை. எங்கள் அளவைகள் எப்போதும் முழுதும் ஓடின. அவன் முதன்முதலாக நிறுத்தினான். பின்னர் நேர்ந்த இரு வீழ்ச்சிகளும் மற்றவர்கள் நடுவில் நிறுத்தியபோது நேர்ந்தவையே.

திருத்தம் ஒரே வரி: நினைவகத்தைத் தருமுன், தொங்கும் சீட்டை நீக்கு, எவரேனும் எடுத்திருந்தால் முடிக்கும்வரை காத்திரு. அந்த ஒரு வரியையும் நான் முதலில் தவறாகவே எழுதினேன். பணியாளனுக்கு வேண்டிய பூட்டை நான் கையில் வைத்துக்கொண்டு அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தேன். அவன் என் பூட்டுக்காகக் காத்திருந்தான். 120 விநாடி கழித்து, 'பணியிழை நகரவில்லை' என்று கெர்னல் எச்சரித்தது. பூட்டை விட்டுவிட்டுக் காத்திருக்குமாறு மாற்றிய பின்னரே நோய் தீர்ந்தது.

என் கருத்து

இதனால் நான் வற்புறுத்த விரும்புவன மூன்று.

முதலாவது, சான்றுக்கென்று ஒதுக்கும் இடம் வீண் அன்று. 16 ஜிகாபைட்டில் 512 மெகாபைட் என்பது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. நம் முன்னோர் கணக்கில் அரைவீசம். அந்த அரைவீசம் இல்லாமையால் ஒரு மாணவனின் நற்பெயர் ஏறக்குறைய ஒரு மாதம் அடகில் இருந்தது. 'இரண்டு ஆண்டில் ஒருமுறைகூட விழாத பொறிக்கு இது எதற்கு?' என்று சிலர் கேட்கின்றனர். தீயணைக்கும் வாளியில் மணல் நிறைத்து வைப்பது எதற்கோ, அதற்கே இதுவும். பொறி பொதுச் சொத்தாயின் இது மேலும் வேண்டும். ஏனெனில் பலர் தொடும் பொருளில் பழி எப்போதும் எளியவன்மேலேயே விழும்.

இரண்டாவது, சீட்டில் எழுதியவன் பெயரும் இருக்கவேண்டும். தடப்பதிவு வைத்தால் பொறியின் வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மையே. ஆயிரக்கணக்கான பொறிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு அது பெரிய செலவாகலாம். ஆய்வுக்கூடத்துப் பொறி ஒன்றுக்கு அச்செலவு பொறுக்கத்தக்கதே. குறைந்தது, புதிய இயக்கி நிரலைச் சோதிக்கும் காலத்திலேனும் இவ்வேற்பாடுகள் திறந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, கடைசியாகத் தொட்டவனைக் கேட்பது விசாரணையின் தொடக்கம். அதுவே முடிவாகிவிடக் கூடாது. உலகமறிந்த எடுத்துக்காட்டு ஒன்று: 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் நிறுவனத்தின் காவல்நிரலுக்கு வந்த புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் வீழ்ந்தன. விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தனர். அங்கிருந்த பணியாளர்கள்தாம் அவர்களுடைய கோபத்தைத் தாங்கினார்கள். அப்பணியாளர் ஒருவரேனும் அந்நிரலைத் தொட்டிருப்பாரா? காரணம் நிரலுக்குள் இருந்தது. கிராஷ் டம்புகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் அதனைக் காட்டினர்; பொறிகளைத் திரும்ப எழுப்பிய எண்ணற்ற கைகளோ வேறு.

'அப்படியானால் அந்த இயக்கியை எழுதியவன்தான் எய்தவனா?' என்று கேட்கலாம். அவர் எங்கள் துறையில் படித்துச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றுவிட்ட மாணவர். நடுவில் நிறுத்திச் சோதிக்க அவருக்குக் காலம் கொடுத்தவர் யார்? அதன்பின் அதனைப் படித்துப் பார்த்தவர் எவர்? நாங்கள் எல்லோரும் பயன்படுத்தினோம். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. படியில் எய்தவனைத் தேடிப் போனவன், கடைசியில் என் கையிலும் ஒரு வில் இருக்கக் கண்டேன். ஆகவே அவருக்குப் பழி சொல்லி மடல் எழுதவில்லை. திருத்திய வரியைக் காட்டி எழுதினேன். மறுநாளே நன்றி சொல்லிப் பதில் வந்தது. அதே தவறு தாம் பின்னர் எழுதிய வேறொரு நிரலிலும் இருப்பதைக் கண்டு திருத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்.

தம்பிக்கு நுழைவு அட்டை திரும்பக் கிடைத்தது. 'உங்கள் ஊர்ப் பையன்' என்று சொன்னவர் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் கடையில் ஒருநாள் அவனுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அதனை வருத்தம் என்று கொள்ளலாமோ என்னவோ, தம்பி கொண்டான். அவன் இன்னும் நடுவில் நிறுத்தவேண்டிய வேளையில் சற்றுத் தயங்கி என்னைப் பார்க்கிறான். நிரலைத் திருத்த ஒரு வரி போதுமாயிற்று. இதற்கு எத்தனை வரி வேண்டுமோ?

நண்பர்களே, உங்களுள் பலர் கணிப்பொறி படிப்பவர் அல்லர். ஆயினும் எல்லாத் துறையிலும் சீட்டு எழுதுவோர் உண்டு. சீட்டை எடுத்து உழைப்போரும் உண்டு. ஏதேனும் விழுந்து உடையும்போது உங்கள் பார்வை முதலில் யார்மேல் செல்கின்றது என்று ஒருமுறை கவனியுங்கள். கணிப்பொறி படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இம்மலரை மூடி வைத்தவுடன் உங்கள் துறைப் பொறியில் அந்த ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதனை நீக்கியவர் யார் என்று தேடவேண்டா. முதலில் திரும்ப வையுங்கள்.